குழாயைப் புதையுங்கள், கேபிளைப் புதைக்காதீர்கள்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம், ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் கோயில். கோயில் அலுவலகத்தில் ஃபைபர் இணையம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடக்கும் மண்டபம் அங்கிருந்து ஏறக்குறைய 180 மீட்டர். நடுவே தோட்டத்து மண்சாலை. பழம் ஏற்றிய லாரியும் டிராக்டரும் போகும். முன்பு சாதாரண நெட்வொர்க் கேபிள் இழுத்தோம். வேகமே வரவில்லை, இடி இடித்த ஓர் இரவில் இரண்டு பக்கப் பெட்டிகளும் கருகிவிட்டன. இப்போது ஒருவர், மெல்லிய கறுப்பு ஃபைபர் கேபிளை ஓர் அடி ஆழத்தில் அப்படியே மண்ணில் போட்டுத் தருகிறேன் என்கிறார். செய்யலாமா, ஐயா?

பதில்: ஃபைபருக்கு மாறுங்கள், ஆனால் அவர் சொல்கிற விதத்தில் வேண்டவே வேண்டாம்.

செம்புக் கம்பியில் நெட்வொர்க் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். அதனால்தான் வேகம் வரவில்லை. கருகியதற்குக் காரணம் வேறு. மலேசியா உலகிலேயே இடி மின்னல் மிகுந்த நாடுகளில் ஒன்று. இரண்டு கட்டடங்களைச் செம்பால் இணைத்தால், அருகில் எங்கே மின்னல் இறங்கினாலும் அந்த அதிர்ச்சி கம்பி வழியாக இரு பக்கமும் பாயும். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் மின்சாரம் பாயாது. உங்களுக்கு ஃபைபர் தரும் மிகப் பெரிய பாதுகாப்பு இதுதான்.

அந்தப் பாதுகாப்பை அவர் சொல்லும் கேபிள் பாதி கெடுத்துவிடும். வீட்டு இணைப்புக்குத் தரும் மெல்லிய கறுப்பு கேபிள் பெரும்பாலும் கம்பத்தில் தொங்குவதற்காகச் செய்தது. தாங்கு கம்பியாக உள்ளே எஃகு ஓடும். மண்ணுக்குள் உலோகத்தை நீட்டிவைத்தால் மின்னலுக்கு மறுபடியும் வழி கிடைக்கிறது. தவிர, செம்பனைக் காட்டில் எலிக்குப் பஞ்சமில்லை. தோட்டக்காரர்கள் ஆந்தைக்குப் பெட்டி கட்டிவைப்பது எதற்கு என்று உங்களுக்கே தெரியும். ஓர் அடி ஆழத்தில் கிடக்கும் மெல்லிய உறையை எலி கடிக்கும், மண்வெட்டி வெட்டும். எலிக்காக எஃகுக் கவசம் போட்ட கேபிளைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதை முறையாக நிலத்தொடர்பு (எர்த்) செய்யாவிட்டால் மின்னல் விஷயத்தில் பழைய கதைதான்.

ஆகவே உலோகமே இல்லாத, நீர் புகாத வெளிப்புறக் கேபிளை வாங்குங்கள். அதைக் எச்டிபிஇ எனும் கெட்டியான கறுப்பு பிளாஸ்டிக் குழாய்க்குள் விடுங்கள். 32 மில்லிமீட்டர் குழாய் போதும். பணத்தைக் குழாயிலும் பள்ளத்திலும் போடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. கேபிள் கெட்டால் உருவி எடுத்து வேறொன்றை இழுத்துக்கொள்ளலாம். குழாய் இல்லையென்றால் மறுபடியும் 180 மீட்டர் வெட்டவேண்டும். கேபிள் சிங்கிள்மோட் (ஒளி ஒரே பாதையில் செல்லும்) வகையாக இருக்கட்டும். இரண்டு இழை போதும் என்றாலும் நான்கு இழை உள்ளதை எடுங்கள். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

பாதையைத் தேர்வதில் அவசரம் கூடாது. கோயில் திடலுக்கு நடுவே கொண்டுபோக வேண்டாம். திருவிழாவுக்குக் கூடாரம் போடுகிறவர்கள் நீண்ட இரும்பு முளைகளைச் சம்மட்டியால் அடித்து இறக்குவார்கள். கீழே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வேலியை ஒட்டிப் போங்கள், சுற்றானாலும் பரவாயில்லை. வெட்டிய மட்டைகளைக் குவிக்கும் வரிசையையும் தவிருங்கள். எலி அடைவது அங்கேதான். மண்சாலை தோட்டத்தின் நிலம் என்பதால் மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஊராட்சி மன்றத்துச் சாலையையோ ஜேகேஆர் (பொதுப்பணித் துறை) சாலையையோ குறுக்கிடுவதானால் அந்தந்த அலுவலகத்தில் கேட்காமல் மண்வெட்டியை இறக்காதீர்கள். மின்சாரக் கேபிளும் தண்ணீர்க் குழாயும் எங்கே போகின்றன என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

வேலி ஓரத்தில் 60 சென்டிமீட்டர் ஆழம் வைக்கலாம். மண்சாலைக்கு அடியில் 90 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. அங்கே குழாயை இன்னும் பெரிய, தடித்த குழாய்க்குள் நுழைத்துவிடுங்கள். பள்ளத்தின் அடியில் கல் பொறுக்கி, மணல் பரப்பி, அதன்மேல் குழாயை வையுங்கள். குழாய்க்கு ஓர் அடி மேலே எச்சரிக்கை நாடா போடுங்கள். பின்னால் தோண்டுகிறவன் முதலில் அதைத்தான் காண்பான். மண்ணை அடுக்கடுக்காகத் தள்ளி மிதித்து இறுக்கவேண்டும். மொத்தமாகக் கொட்டினால் முதல் பெருமழையிலேயே சாலை அமுங்கி லாரிச் சக்கரம் இறங்கும்.

மூடுவதற்கு முன்பே குழாய்க்குள் நூல் ஓடவேண்டும். ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வான பந்தாகச் சுருட்டி நைலான் நூலில் கட்டி ஒரு முனையில் விடுங்கள். மறுமுனையில் பட்டறைகளில் வைத்திருக்கும் பெரிய தூசி உறிஞ்சியைப் பொருத்தி, சுற்றிலும் துணியால் அடைத்து ஓடவிட்டால் பை நூலை இழுத்துக்கொண்டு வந்துசேரும். வரவில்லை என்றால் எங்கோ குழாய் நசுங்கியிருக்கிறது. பள்ளம் திறந்திருக்கும்போதே அது தெரிந்துவிடும். அந்த நூலால் கயிற்றையும், கயிற்றால் கேபிளையும் இழுங்கள்.

கயிற்றைக் கேபிளின் மேலுறையில் கட்டாதீர்கள். உறையைக் கொஞ்சம் உரித்தால் மஞ்சள் நிறத்தில் பட்டுபோன்ற நார் தெரியும். இழுவையைத் தாங்குவதற்கென்றே வைத்த நார் அது. முடிச்சு அதில் விழவேண்டும். உள்ளே இருக்கும் இழையின் தடிமன் 0.125 மில்லிமீட்டர்தான். இழுக்கும்போது வளைவின் ஆரம் கேபிள் தடிமனைப்போல் 20 மடங்குக்குக் குறையக்கூடாது. 10 மில்லிமீட்டர் கேபிளுக்கு 20 சென்டிமீட்டர். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் குட்டை முழங்கை இணைப்புகள் இங்கே ஆகாது. மெல்லிய வளைவாகவே திருப்புங்கள். இழுத்த கேபிளோடு இன்னொரு நூலையும் உள்ளேயே விட்டுவையுங்கள், அடுத்த முறைக்கு உதவும். குழாய்க்குள் நாளடைவில் தண்ணீர் சேரத்தான் செய்யும். கேபிள் அதைத் தாங்கும். எறும்பும் எலியும் புகாதபடி இரு முனைகளையும் அடைத்துவிடுங்கள்.

முனை இணைப்பை, இழைகளை உருக்கி ஒட்டும் கருவி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். சேவை நிறுவனத்தின் இழையைத் தொடவேண்டாம். அவர்களுடைய ரூட்டரிலிருந்து ஒரு மீடியா கன்வெர்ட்டர் (கம்பியில் வரும் மின் சமிக்ஞையை ஒளியாக மாற்றும் பெட்டி), மண்டபத்தில் அதன் ஜோடி, அவ்வளவே. ஃபைபர் கேபிளின் பச்சை நிறச் செருகு முனையையும் நீல நிறச் செருகு முனையையும் ஒன்றோடொன்று சொருகாதீர்கள். இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பது ஆபத்து. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

பணம் கொடுப்பதற்கு முன், ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். 180 மீட்டருக்கு இழையில் ஏற்படும் இழப்பு 0.1 டெசிபெல்கூட வராது. இரு முனை இணைப்புகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 1. ஐந்து, ஆறு என்று காட்டினால் முனையில் அழுக்கு இருக்கிறது அல்லது எங்கோ கேபிள் மடங்கியிருக்கிறது. 1310, 1550 நானோமீட்டர் என்ற இரண்டு ஒளி அலைநீளங்களிலும் அளக்கச் சொல்லுங்கள். 1550-இல் மட்டும் இழப்பு கூடினால் மடிப்புதான் குற்றவாளி.

உலோகமில்லாத கேபிளை மண்ணுக்குள் சாதாரண கேபிள் தேடும் கருவி கண்டுபிடிக்காது. அதனால் பள்ளம் திறந்திருக்கும்போதே அளவுநாடாவை வைத்துப் படம் எடுங்கள். வேலிக் கம்பத்திலிருந்து எத்தனை மீட்டர், என்ன ஆழம் என்று வரைபடத்தில் குறியுங்கள். ஒரு நகல் கோயில் அலுவலகத்தில் இருக்கட்டும். இன்னொன்றைத் தோட்ட அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள். மறுநடவு வரும்போது மண்ணைப் புரட்டும் இயந்திரம் இறங்குவது அவர்கள் நிலத்தில்தான்.