சமுதாயக் கல்லூரியில் கற்றல் விளைவை மதிப்பிடுவது எப்படி?

கேள்வி: எங்கள் சமுதாயக் கல்லூரியில் நோயாளர் பராமரிப்பு உதவியாளருக்கான ஓராண்டுப் பட்டயப் படிப்பை நடத்துகிறோம். தேர்வில் பத்தில் ஒன்பது பேர் தேர்ச்சி பெறுகிறார்கள். ஆனால் பயிற்சிக்கு அனுப்பும் மருத்துவமனையில், இரத்த அழுத்தம் பார்க்கும் வேலையைக்கூட இவர்களை நம்பி ஒப்படைக்க முடியவில்லை என்கிறார்கள். கற்றல் விளைவுகள், அதாவது படிப்பு முடிவில் மாணவர் செய்யத் தெரிந்திருக்க வேண்டியவை, எந்த அளவுக்கு எட்டப்பட்டுள்ளன என்று நிர்வாகம் அறிக்கை கேட்டிருக்கிறது. மூன்றே ஆசிரியர்கள் உள்ள நாங்கள் இதை எவ்வாறு செய்வது?

பதில்: உங்கள் தேர்வு ஒன்றை அளக்கிறது, மருத்துவமனை வேறொன்றை எதிர்பார்க்கிறது. ஒரு மாணவி 62 மதிப்பெண் பெற்றாள் என்றால், அதில் பாட அறிவு, எழுத்துத் திறன், பதிவேட்டு நோட்டு, வருகைப்பதிவு எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. எனவே தேர்ச்சி விழுக்காட்டை அப்படியே கற்றல் விளைவாக அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். மாணவரைத் தரப்படுத்துவது தேர்வின் வேலை. விளைவு மதிப்பீடோ, உங்கள் படிப்பு எதைக் கற்றுத்தந்தது, எங்கே தவறவிட்டது என்பதைக் காட்ட வேண்டியது.

முதலில் விளைவுகளைத் திருத்தி எழுதுங்கள். ‘இரத்த அழுத்தம் குறித்து அறிந்திருப்பார்’ என்பதை எவராலும் அளக்க முடியாது. ‘ஐந்து நிமிடம் ஓய்வாக அமர்ந்திருந்த நோயாளியின் இரத்த அழுத்தத்தை மேற்பார்வையின்றி அளந்து, பதிவேட்டில் குறித்து, வழக்கத்துக்கு மாறான அளவைச் செவிலியரிடம் உடனே தெரிவிப்பார்’ என்று எழுதினால், எதைப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்பது அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. திறன் படிப்புகளை நிலைகளாக வகைப்படுத்தும் இந்திய அரசின் 2013ஆம் ஆண்டுத் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு, ஒவ்வொரு நிலையையும் அறிவு, திறன் ஆகியவற்றோடு பொறுப்பு என்ற கூறையும் வைத்தே விவரித்தது. உங்கள் மருத்துவமனை சுட்டிக்காட்டும் குறை பெரும்பாலும் இந்தக் கடைசிக் கூறைச் சேர்ந்ததாக இருக்கலாம். ஓராண்டுப் படிப்புக்கு இத்தகைய விளைவுகள் ஐந்தாறு போதும். முப்பது எழுதினால் ஒன்றையும் அளக்க மாட்டீர்கள்.

அளப்பதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சக ஆசிரியர்களும் 1975இல் வெளியிட்ட செய்முறைத் தேர்வு முறை இன்று மருத்துவ, செவிலியக் கல்வி நிலையங்களில் பரவலாக நடப்பில் உள்ளது. மாணவர்கள் ஒவ்வொருவராகக் குறிப்பிட்ட இடங்களுக்குச் சென்று, குறித்த நேரத்தில் ஒரு பணியைச் செய்துகாட்டுவார்கள். எதிரில் இருக்கும் தேர்வாளர் முன்பே தயாரித்த படிநிலைப் பட்டியலில் குறித்துக்கொள்வார். நீங்கள் இரண்டு இடங்களோடு தொடங்கலாம். இரத்த அழுத்தத்துக்கான பட்டியலில், கை இதய மட்டத்தில் தாங்கப்பட்டிருக்கிறதா, பொருத்தமான அளவுள்ள கைப்பட்டை சட்டைத் துணியின்மேல் அல்லாமல் வெறும் கையில் சுற்றப்பட்டதா, காற்றை வினாடிக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் பாதரசம் என்ற வேகத்தில் இறக்கினாரா, அளக்கும்போது நோயாளி பேசாமல் பார்த்துக்கொண்டாரா, எண்ணைத் தானே குறித்தாரா என்பன இடம்பெற வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் கேட்கும் பயிற்சி ஸ்டெதஸ்கோப் ஒன்று கிடைத்தால், மாணவர் சொல்லும் எண்ணையும் ஆசிரியர் கேட்ட எண்ணையும் அங்கேயே ஒப்பிடலாம். வேறுபாடு 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஏற்கலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்தச் செய்முறைத் தேர்வை உங்கள் மாணவர்களுக்கு நான் வலியுறுத்த இன்னொரு காரணமும் உண்டு. 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் தொடங்கிய நம் சமுதாயக் கல்லூரிகள், வழக்கமான கல்லூரிக்குள் நுழைய முடியாதவர்களை மனத்தில் கொண்டு உருவானவை. பத்தாம் வகுப்போடு நின்றவரும், பிள்ளைகள் வளர்ந்தபின் படிக்க வந்த தாய்மாரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். ஆங்கிலத்தில் வினாத்தாள் கொடுத்தால், அது அவர்களுடைய பராமரிப்புத் திறனைவிட ஆங்கிலத்தையே சோதிக்கும். (பதிவேடு ஆங்கிலத்தில் எழுதப்படுமானால் அதைத் தனி விளைவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.) சேரும் முதல் வாரத்திலேயே ஒரு செய்முறைப் பணியைக் கொடுத்து நிலையைக் குறித்துவைத்தால், ஆண்டு முடிவில் காணும் முன்னேற்றத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்பது தெரியும்.

தேர்வுக்கு முன் மூன்று ஆசிரியர்களும் ஒரே மாணவர் செய்வதைப் பார்த்துத் தனித்தனியாகக் குறியுங்கள். எந்தப் படியில் உங்களுக்குள் கருத்து வேறுபடுகிறதோ, அந்தப் படியின் சொற்கள் தெளிவற்றவை என்று பொருள். மாணவர்களை மதிப்பிடத் தொடங்கும் முன் அதைத் திருத்திவிடுங்கள்.

இனி அறிக்கை. ‘60 விழுக்காட்டுக்கு மேல் பெற்றோர் இத்தனை பேர்’ என்ற கணக்கு, கோப்பை நிரப்புவதற்கு உதவும், கற்பித்தலைத் திருத்துவதற்கு உதவாது. படிவாரியாகக் கூட்டிப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 30 பேரில் 27 பேர் கைப்பட்டையைச் சரியாகச் சுற்றியிருந்து, 12 பேர் மட்டுமே காற்றை உரிய வேகத்தில் இறக்கியிருந்தால், மருத்துவமனை சொல்லும் குறைக்கான காரணம் அந்த ஒரு படியிலேயே தெரிந்துவிடும். கூடுதல் பயிற்சி நேரத்தையும் அதற்கே ஒதுக்கலாம். வேலைவாய்ப்பு எண்ணிக்கையைத் தனியாகத் தாருங்கள், அதைக் கற்றலின் அளவாகக் காட்டாதீர்கள்; அது ஊரில் எத்தனை மருத்துவமனைகள் ஆளெடுக்கின்றன என்பதையும் பொறுத்தது.

பயிற்சி மேற்பார்வையாளரிடமும் இதே பட்டியலைக் கொடுத்து, மாணவரை ஒருமுறை நேரில் பார்த்துக் குறித்துத் தரச் சொல்லுங்கள். உங்கள் குறிப்பும் அவருடைய குறிப்பும் மாறுபடும் படிகளை அறிக்கையில் மறைக்காமல் எழுதி, அடுத்த பருவத்தில் அவற்றுக்காக என்ன மாற்றம் செய்யப்போகிறீர்கள் என்பதையும், அதை எந்த மாதத்தில் மீண்டும் சோதிப்பீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள். இந்த ஆண்டுக்கு இரண்டு விளைவுகளை இவ்வாறு முழுமையாகச் செய்தால் போதும். மற்றவற்றை ஆண்டுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளலாம்.