மகளுடன் ஹூஸ்டன் ரோடியோ: முதல் முறைக்கு

ஆறு வயது மகளோடு ஹூஸ்டன் ரோடியோவுக்கு (அமெரிக்க மாட்டுக்காரர்களின் வீர விளையாட்டு விழா) முதல் முறை போகிறோம், விதி ஒன்றும் தெரியாது என்று கேட்டிருந்தீர்கள். காளைச் சவாரிக்கு இவ்வளவுதான்: ஒரு கையால் மட்டும் பிடித்து 8 விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். மறு கை காளைமேல் பட்டால் மதிப்பெண் கிடையாது. 100 மதிப்பெண்ணில் பாதி காளையின் துள்ளலுக்கு! (ஜல்லிக்கட்டில் காளைக்கும் பரிசு உண்டே, அப்படித்தான்.)

மகளுக்குப் பிடிக்கப்போவது மட்டன் பஸ்டிங். தலைக்கவசம் மாட்டிய வாண்டுகள் செம்மறியாட்டின் முதுகில் குப்புறப் படுத்து, உரோமத்தை இறுகப் பற்றியபடி வரும். பாதி வழியில் சரிந்து மண்ணில் உருளும்.

கன்றைக் கயிறு வீசிக் கவிழ்த்துக் கட்டும் போட்டி எனக்கு ஒப்பாது. அப்போது தின்பண்டம் வாங்க எழுந்துவிடுவேன். போட்டிகளுக்குப் பின் வரும் இரவு இசைக் கச்சேரி முடியும்வரை குழந்தை தாங்காது. மதியமே போய்க் கால்நடைக் கண்காட்சியைப் பாருங்கள்.