ஒன்றரை வயது ஊசி

கேள்வி: ஆஸ்திரியாவில் தடுப்பூசியை எதிர்த்தே ஒரு கட்சி தேர்தலில் ஜெயித்ததாமே? ஊசி வேண்டாம் என்று சொல்வது அவரவர் உரிமைதானே? நம்ம பக்கமும் அப்படி ஒரு கட்சி வந்தால் என்ன தப்பு? என் தங்கை மகனுக்கு ஒன்றரை வயது ஊசி போட வேண்டாம் என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்.
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: போகிறபோக்கில் கடைசியாகச் சொன்னீர்களே, அதைப் படித்துத்தான் பதறிப்போனேன். முதலில் கட்சி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கட்சியின் பெயர் எம்.எஃப்.ஜி. மனிதர், சுதந்திரம், அடிப்படை உரிமை என்பதன் சுருக்கம். 2021 பிப்ரவரியில் தொடங்கி, அதே வருஷம் செப்டம்பரில் மேல் ஆஸ்திரியா மாநிலத் தேர்தலில் 6 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார்கள். 56 பேர் சட்டமன்றத்தில் 3 இடம். கொரோனா கட்டுப்பாடுகளால் வெறுத்துப்போயிருந்தவர்களின் ஓட்டு அது. அப்புறம் 2022 பிப்ரவரியில் அந்த நாட்டு அரசு பெரியவர்களுக்குக் கொரோனா ஊசி கட்டாயம் என்று சட்டமே போட்டது. ஒரு மாதத்தில் நிறுத்தி வைத்தார்கள், கோடையில் ரத்து செய்தார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது அரை சதவீதம்கூட இல்லை. அதட்டல் மேல் வந்த கோபத்தில் வளர்ந்த கட்சி, அதட்டல் நின்றதும் கரைந்துவிட்டது என்பது என் கணிப்பு. அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அங்கே நடந்தது, பெரியவர்கள் தங்கள் உடம்பைப் பற்றிப் போட்ட சண்டை. நீங்கள் பேசுவது ஒன்றரை வயதுப் பிள்ளையின் தட்டம்மை, ரூபெல்லா ஊசியை. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

ஒன்பது மாதத்தில் போட்ட முதல் ஊசி, 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 85 பேருக்குத்தான் எதிர்ப்பு சக்தி தரும். மீதிப் பிள்ளைகளையும் காப்பாற்றத்தான் இரண்டாவது ஊசி. உங்கள் தங்கை மகன் எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்ல முடியுமா? அம்மை என்றால் வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணி ஊற்றினால் முடிந்தது என்று நினைக்கிறோம். தட்டம்மை நிமோனியாவில் கொண்டுபோய் விடும். சில பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சல் ஆகும்.

உரிமை என்கிறீர்கள், சரி. தட்டம்மை வந்த ஒருவர் இருமிவிட்டுப் போன அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி இருக்கும். நீங்கள் இருக்கிற ராமேஸ்வரம் தீவுக்கு நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ரயிலிலும் பஸ்ஸிலும் ஜனம் வந்துகொண்டே இருக்கிறது. உங்கள் தெருவில் ஆறு மாதக் குழந்தை ஒன்று இருக்கும். அதற்கு இன்னும் ஊசி போடும் வயசு வரவில்லை. சுற்றியிருக்கிற பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசிதான் அதற்கும் காவல். அந்தக் குழந்தையின் உரிமையை யார் பேசுவது?

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் இதே ஊசியைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகள் ஞாபகம் இருக்கிறதா? பயந்துபோய்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோர் உண்டு. முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்க, ராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் தனியாக இருக்கும் தாய் பயப்படத்தான் செய்வாள். காய்ச்சல் வரலாம், ஓரிரு நாளில் போய்விடும், அரிதாக ஒவ்வாமை வரும், அதற்குத்தான் அரை மணி நேரம் உட்கார வைக்கிறோம் என்று ஊசி போடுகிறவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அவசரத்தில் அதைச் சொல்லாமல் விடுவது பெரிய தப்பு. கட்சி தொடங்க நினைக்கிறவனுக்கு அந்த மௌனம் போதும்.

அதனால் ஒன்று செய்யுங்கள். தங்கையையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொண்டு வருகிற புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வீட்டில் என்னென்ன பயம் பேசினீர்களோ அத்தனையையும் நர்ஸம்மாவிடம் கேளுங்கள். பதில் வரும் வரை நகராதீர்கள். பிள்ளைக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது என்றாலும் தயங்க வேண்டாம், விட்டுப்போன இந்த ஊசியை ஐந்து வயது வரை போடுகிறார்கள். போட்டதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.