கொன்ஸ்டான்ஸில் வாங்கிய இறைச்சிக்கு ஏன் சுங்க வரி?

கேள்வி: நாங்கள் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். சுவிஸின் குரொய்ஸ்லிங்கனில் இருந்து சனிக்கிழமைகளில் ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸுக்குச் சென்று சாமான் வாங்குகிறோம். கடவுச்சீட்டைக்கூட ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் சென்ற மாதம் 6 கிலோ ஆட்டிறைச்சியைச் சுங்கத்தில் காட்டியபோது 34 பிராங்க் கட்டச் சொன்னார்கள். திறந்த எல்லையில் இது நியாயமா?

பதில்: சகோதரி, உங்களிடம் வாங்கிய தொகை சரியானது. 2008 டிசம்பரில் கடவுச்சீட்டுச் சோதனையின்றி நாடுகளுக்கிடையே பயணிக்க விடும் ஷெங்கன் வலயத்தில் சுவிஸ் இணைந்தபோது ஆட்களுக்கான வழக்கமான சோதனைதான் நின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க ஒன்றியத்தில் சுவிஸ் இன்றுவரை சேரவில்லை என்பதால் உங்கள் பைக்குள் இருக்கும் சாமானுக்கு எல்லை அப்படியே இருக்கிறது. இறைச்சியில் ஆளுக்கு ஒரு நாளில் 1 கிலோ வரியின்றிக் கொண்டுவரலாம். நால்வருக்கு 4 கிலோ போக, மிச்சம் 2 கிலோவுக்குக் கிலோ 17 பிராங்க் வீதம் 34 பிராங்க்.

உள்ளூர் விவசாயத்தைக் காக்க விதிக்கப்படும் இந்த வரிதான் சுவிஸில் இறைச்சி விலையை ஏற்றி உங்களைக் கொன்ஸ்டான்ஸுக்கு அனுப்புகிறது; திரும்பி வரும்போது அதே வரி வாசலில் காத்திருக்கிறது. இதனுடன் இங்குள்ள கூலியும் கடை வாடகையும், வெளிநாட்டு நிறுவனங்கள் சுவிஸுக்கென்று கூட்டி வைக்கும் விலையும் சேர்கின்றன. 2015 ஜனவரியில் சுவிஸ் மத்திய வங்கி, பிராங்க் அளவுக்கு மீறி ஏறாமல் வைத்திருந்த ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்ற குறைந்தபட்ச மாற்று வீதத்தைக் கைவிட்டதும் பிராங்க் ஏறி, அந்தப் பக்கத்துச் சாமான் இன்னும் மலிவானது. இந்தக் காரணங்களைத் தொடாமல், 2025 ஜனவரி முதல் சாமானின் மொத்தப் பெறுமதிக்கான வரியற்ற வரம்பை மட்டும் 300 பிராங்கிலிருந்து 150 ஆகக் குறைத்ததை என்னால் நல்ல தீர்வாக ஏற்க முடியவில்லை.

அந்த 150 ஆளுக்கு ஒரு நாளைக்கு உரியது. மொத்தப் பெறுமதி வரம்பைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றி முழுத் தொகைக்கும் பெறுமதி சேர் வரி உண்டு: உணவுக்கு 2.6 வீதம், பெரும்பாலான பிற பொருட்களுக்கு 8.1 வீதம். பற்றுச்சீட்டில் ஜெர்மன் வரி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதைக் கழித்துவிட்டுக் கணக்கிடலாம்.

பல குடும்பங்கள் தவறுவது அடுத்த விதியில். உங்கள் நால்வருக்கும் சேர்த்து வரம்பு 600 பிராங்க் என்பது உண்மை. ஆனால் தனியொரு பொருள் 150ஐத் தாண்டினால் அதைப் பங்கு பிரிக்க முடியாது. ஜெர்மன் வரி நீங்கலாக 200 பிராங்க் பெறுமதியான ஒரு தையல் இயந்திரத்தை ஆளுக்கு 50 என்று சொல்ல இடமில்லை, அதற்கு 16.20 பிராங்க் கட்டத்தான் வேண்டும். தலா 100 பிராங்க் பெறுமதியான இரண்டு தனித்தனிப் பொருட்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கடைக்காரர் விலையை இரண்டு பற்றுச்சீட்டுகளாகப் பிரித்துத் தந்தாலும் இயந்திரம் ஒன்றுதான். அப்படிச் செய்து தருவதாக ஒரு கடை சொன்னால், அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள், ஏனென்றால் எல்லையில் தண்டம் கட்டப்போவது கடைக்காரர் அல்ல.

இதைவிட எனக்குக் கவலை தருபவர்கள் நம்மவர்களுக்குள்ளேயே இருக்கும் இடைத்தரகர்கள். தொலைபேசியில் ஓர்டர் எடுத்து ஆட்டிறைச்சியை வீட்டு வாசலில் மலிவாக இறக்குபவரிடம் சுங்கச் சீட்டைக் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு 1 கிலோ என்ற சலுகை சொந்தப் பாவனைக்கும் அன்பளிப்புக்கும் உரியது, வியாபாரத்துக்கு அல்ல. இன்னொரு கூட்டம், ஜெர்மனியில் வசிப்பவர்கள் வாங்கிய சாமானுக்கு உங்கள் பெயரில் பச்சைத் தாள், அதாவது சாமான் ஜெர்மனியை விட்டு வெளியேறியதைக் காட்டி ஜெர்மன் வரியைத் திரும்பப் பெற உதவும் அவுஸ்ஃபூர்ஷைன், எழுதி ஜெர்மன் சுங்கத்தில் முத்திரை வாங்கச் சொல்லி, திரும்பக் கிடைக்கும் வரியில் பங்கு தருகிறது. இது வரி மோசடி. அந்தத் தாளில் இருப்பது உங்கள் பெயரும் முகவரியும். விசாரணை வந்தால் பங்கு தந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க மாட்டீர்கள்.

நேர்மையாக வாங்குபவருக்கு அந்தத் தாள் நல்ல உரிமை. குடியுரிமை எதுவானாலும், வசிப்பிடம் சுவிஸாக இருந்து பற்றுச்சீட்டு 50 யூரோவுக்கு மேல் இருந்தால், 19 அல்லது 7 வீத ஜெர்மன் வரியைக் கடையிடம் திரும்பக் கேட்கலாம். பெற்றோலுக்கு இது கிடையாது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு காகிதத்தில் முத்திரை குத்துவதற்காகக் குழந்தைகளோடு வரிசையில் நிற்க வைக்கிறார்களே என்ற கோபம் எனக்கும் உண்டு.

அடுத்த முறை முதலில் ஜெர்மன் பக்கத்தில் முத்திரையைப் பெறுங்கள். வரம்பைத் தாண்டும் சாமானை, எல்லையைக் கடக்கும் முன்னரே சுவிஸ் சுங்கத்தின் கைபேசிச் செயலியான குவிக்சோலில் பதிந்து பணத்தைச் செலுத்திவிடுங்கள். இறைச்சியை 4 கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.