தாத்தாவின் இரண்டு நட்சத்திரங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் வேலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன். கல்லூரியில் இயற்பியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். முதலாமாண்டு முதல் என்சிசியில் இருக்கிறேன். 'சி' சான்றிதழ்த் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். எங்கள் ஊரில் பட்டாளத்துக்குப் போகாத வீடு குறைவு. என் தாத்தாவும் சுபேதாராக ஓய்வு பெற்றவர். கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் அவர் தோளில் இரண்டு நட்சத்திரங்கள் இருக்கின்றன. லெப்டினன்டுக்கும் இரண்டு நட்சத்திரம்தான் என்று என்சிசி வகுப்பில் படித்தபோது குழம்பிப்போனேன்.

என்சிசி சிறப்பு நுழைவு வழியாக அதிகாரியாக முயல வேண்டும் என்கிறார் எங்கள் கல்லூரி என்சிசி பொறுப்பாசிரியர். மாமாவோ, "அக்னிவீரனாகச் சேர்ந்துவிடு, உள்ளே போய்விட்டால் அங்கிருந்தே ஆபீசராகலாம், இல்லாவிட்டால் தாத்தாவைப் போல ஜேசிஓ (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரி) ஆகலாம்" என்கிறார். எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. முகாமில் வயர்லெஸ் கருவியைப் பிரித்துக் காட்டிய வகுப்பில்தான் நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன். அமெரிக்காவில் வாரண்ட் ஆபீசர்கள் ஹெலிகாப்டரே ஓட்டுகிறார்கள் என்று படித்தேன். அப்படி ஒரு வழி இங்கே உண்டா? பட்டாளத்து அனுபவம் உள்ளவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

க., வேலூர் மாவட்டம்

அன்புள்ள க.,

முதலில் நட்சத்திரக் கணக்கை முடித்துவிடுவோம். தாத்தாவின் படத்தை ஆணியிலிருந்து கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நட்சத்திரங்களை ஒட்டித் தோள்பட்டையின் குறுக்கே ஒரு சிறு நாடா போவது தெரியும். கறுப்பு வெள்ளைப் படமானால் அது சாம்பல் கோடாக இருக்கும். நாடா இருந்தால் சுபேதார், இல்லாவிட்டால் லெப்டினன்ட். விரலகலம்கூட இல்லாத அந்தத் துணிக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. முதல் உலகப் போர் முடியும் தறுவாய்வரை பிரிட்டிஷ் இந்தியப் படையில் போரிட்ட இந்தியன் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் சுபேதார் மேஜருக்கு மேலே போவது ஏறக்குறைய இயலாத காரியம். மன்னரின் கமிஷன் (அதிகாரி நியமன ஆணை) ஆங்கிலேயருக்கு, வைஸ்ராயின் கமிஷன் இந்தியருக்கு என்பது ஏற்பாடு. இந்தியரை அதிகாரிகளாகப் பயிற்றுவிக்கும் கழகம் டேராடூனில் தொடங்கப்பட்டதே 1932இல்தான். சுதந்திரத்துக்குப் பின் வைஸ்ராய் போனார், அவர் பெயரில் இருந்த கமிஷன் 'ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்', சுருக்கமாக ஜேசிஓ, என்று பெயர் மாறி நிலைத்துவிட்டது. தரைப்படையில் நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்றும், விமானப்படையில் ஜூனியர் வாரண்ட் ஆபீசர், வாரண்ட் ஆபீசர், மாஸ்டர் வாரண்ட் ஆபீசர் என்றும் இன்று நாம் சொல்வது இந்த அடுக்கைத்தான்.

அமெரிக்காவைப் பற்றி நீங்கள் படித்தது உண்மை. அங்கே தரைப்படையில் வாரண்ட் ஆபீசர் என்பது தொழில்நுட்ப வல்லுநருக்கான தனிப் பாதை. ராணுவத்தில் ஒருநாள்கூட இருந்திராத இளைஞரும் விமானப் பிரிவுக்கு நேரடியாக விண்ணப்பித்து, அலபாமாவில் பயிற்சி பெற்று, ஹெலிகாப்டர் விமானி ஆகலாம். ஆள்களை நிர்வகிக்கும் வேலை அதிகம் வேண்டாம், பறப்பதே போதும் என்பவர்கள் அங்கே அதைத் தேடிப் போகிறார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இங்கே அதே வாசலைத் தேடினால் ஏமாற்றம்தான். நம் விமானப்படையின் வாரண்ட் ஆபீசர் விமானத்தை ஓட்டுபவர் அல்லர். ஆள்சேர்ப்பில் கடைநிலையில் சேர்ந்து, படிப்படியாக ஏறி, தலை நரைக்கும் காலத்தில் அந்தப் பதவிக்கு வருபவர்.

உங்கள் மாமாவின் கணக்கு பிசகுவது இந்த இடத்தில்தான். இருபது வயதில் ஒருவர் அதிகாரிப் பாதையைத் தேர்ந்தெடுக்கலாம். ஜேசிஓ பாதையைத் தேர்ந்தெடுக்க முடியாது, ஏனென்றால், மதபோதகர் போன்ற ஓரிரண்டு தனி நுழைவுகளை விட்டுவிட்டால், அதற்கென்று ஒரு வாசலே இல்லை. அண்மைக்காலம்வரை ஜவானாகச் சேர்ந்தால் பதினைந்து ஆண்டுகள் உறுதி. பதவி உயர்வு வந்தாலும் வராவிட்டாலும் ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பலாம். நானும் அப்படித்தான் சிக்னல்ஸ் என்ற தகவல்தொடர்புப் பிரிவில் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் நாயிப் சுபேதார் ஆனேன். 2022 ஜூனில் அக்னிவீரர்களைச் சேர்க்கும் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டதிலிருந்து நிலைமை வேறு. நான்கு ஆண்டுகள் பணி, முதலாமாண்டு மாதம் 30,000 ரூபாய், அதிலும் முப்பது சதவீதம் சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போக 21,000 கைக்கு வரும். நான்காண்டு முடிவில் ஏறத்தாழ 10 லட்சம் ரூபாயும் வட்டியும் கிடைக்கும், ஓய்வூதியம் கிடையாது. நான்கில் ஒருவர் என்ற அளவுக்குத்தான் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்பது அறிவிக்கப்பட்ட விதி. ஆகவே மாமா சொல்லும் ஜேசிஓ பதவி, அந்த நால்வரில் ஒருவராக நின்று, அதன்பின் பல ஆண்டுகள் உழைத்தவருக்குத் தொலைவில் தெரிவது. அக்னிவீரனாகச் சேர்வதை நான் குறைத்துச் சொல்லவில்லை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பல பிள்ளைகளுக்கு அது நல்ல தொடக்கமாக இருக்கக்கூடும். ஆனால் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் 'சி' சான்றிதழை எதிர்பார்த்து நிற்கும் உங்களிடம் "தாத்தாவைப் போல" என்று சொல்லி அதை நீட்டுவது சரியல்ல.

"உள்ளேயிருந்தே ஆபீசராகலாம்" என்பதும் பாதிதான் உண்மை. வழி இருக்கிறது. ஆர்மி கேடட் காலேஜ் என்று டேராடூனில் ஒரு பிரிவு உண்டு. குறைந்தது இரண்டாண்டு பணி முடித்த, 20 முதல் 27 வயதுக்குட்பட்ட படைவீரர்கள் எழுத்துத் தேர்வு எழுதி, எஸ்எஸ்பி எனப்படும் அதிகாரித் தேர்வு வாரியத்தின் நேர்காணலில் தேறினால் அங்கே மூன்றாண்டு படித்துப் பட்டம் பெற்று, பிறகு ராணுவ அகாடமியில் ஓராண்டுப் பயிற்சி முடித்து அதிகாரி ஆகலாம். அருமையான ஏற்பாடு, அதில் வந்த அதிகாரிகளிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆங்கிலத்துக்குப் பயந்து எந்த எஸ்எஸ்பியைத் தவிர்க்க நினைக்கிறீர்களோ, அதே எஸ்எஸ்பியைத்தான் அங்கேயும் சந்திக்க வேண்டும். கைக்கு வரப்போகும் இயற்பியல் பட்டத்தை வைத்துக்கொண்டு இன்னொரு பட்டத்துக்கு மூன்றாண்டு உட்கார வேண்டும். நான் ஜவானாக இருந்தபோது ஒருமுறை எழுத்துத் தேர்வில் தேறி எஸ்எஸ்பிக்குப் போனேன். பகல் முழுக்க டியூட்டி பார்த்துவிட்டு, பாரக்கில் விளக்கணைத்த பிறகு டார்ச் வெளிச்சத்தில் படித்த படிப்பு அது. முதல் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து தயாராகும் வசதி உங்களுக்கு இருக்கிறது. அதை விட்டுவிட்டு டார்ச் வெளிச்சத்துக்கு ஏன் போக வேண்டும்?

என்சிசி சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வு கிடையாது என்பதை உங்கள் ஆசிரியர் சொல்லியிருப்பார். 19 முதல் 25 வயதுக்குள், பட்டப்படிப்பில் ஐம்பது சதவீத மதிப்பெண்ணும் 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும் இருந்தால் நேராக எஸ்எஸ்பிக்கு அழைக்கப்பட வாய்ப்பு உண்டு. இடங்கள் மிகச் சில என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். ஐந்து நாள் தேர்வில் முதல் நாளே ஒரு மங்கலான படத்தை முப்பது விநாடி காட்டி, நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள். அதில் தேறாதவர்கள் அன்று மாலையே ரயிலேற வேண்டியதுதான். தங்கியவர்களுக்கு நெஞ்சில் ஒரு எண். ஐந்து நாளும் அதுதான் உங்கள் பெயர். திரையில் பதினைந்து விநாடிக்கு ஒரு சொல்லாக அறுபது சொற்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் மனதில் முதலில் தோன்றுவதை ஒரு வரியாக எழுத வேண்டும். தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தால் பதினைந்து விநாடி போதாது என்பதுதான் உங்கள் உண்மையான சிக்கல். உச்சரிப்பு அல்ல. அதற்கு மருந்து ஆறு மாதம் தினமும் அரை மணிநேரம் ஆங்கிலத்தில் எழுதுவதும், வெட்கத்தை விட்டு நண்பனோடு பேசுவதும்தான். இலக்கணப் பிழையோடு, ஆனால் தயங்காமல் பேசிய பிள்ளைகள் தேறிப் போனதை நான் அறிவேன். எஸ்எஸ்பி பயிற்சி மையங்களில் பணத்தைக் கொட்டி மனப்பாடக் கதைகளோடு போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

தேறினால் பயிற்சி உங்கள் ஊரிலிருந்து மூன்று மணிநேரப் பயணத்தில், பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில், 49 வாரம். அங்குள்ள அணிவகுப்புத் திடலுக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர். அங்கே பயிற்சி பெற்று 1972இல் அதிகாரியாகி, 1987இல் இலங்கையில் உயிர்நீத்துப் பரம்வீர் சக்கரம் பெற்றவர்.

இனி, பலர் சொல்லாமல் விடுவதைச் சொல்கிறேன். சிறப்பு நுழைவில் கிடைப்பது குறுகிய காலக் கமிஷன். பத்தாண்டு, விரும்பினால் மேலும் நான்காண்டு. பத்தாம் ஆண்டில் நிரந்தரக் கமிஷனுக்குக் கேட்கலாம், கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அதிகாரிக்கு ஓய்வூதியம் இருபதாண்டுப் பணிக்குத்தான், ஜவானுக்கும் ஜேசிஓவுக்கும் பதினைந்தாண்டு போதும். அதனால் பதினான்காண்டு முடித்து வெளியேறும் அதிகாரி பணிக்கொடையை வாங்கிக்கொண்டு, நாற்பதை நெருங்கும் வயதில் வேறு வேலை தேடுவார். அவருக்குக் கீழே இருந்த ஹவில்தார் ஓய்வூதியத்தோடு வீடு போய்ச் சேர்வார். சம்பளத்தில் லெப்டினன்டின் அடிப்படை 56,100, நாயிப் சுபேதாருக்கு 35,400. ராணுவப் பணி ஊதியம் என்று தனியே அவருக்கு 15,500, இவருக்கு 5,200. இந்த வித்தியாசத்தை மட்டும் பார்த்து வீட்டில் முடிவெடுத்துவிட வேண்டாம். பதினான்காம் ஆண்டைப் பற்றியும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் இருந்த சுபேதார் சாகிப் சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டு வைத்திருப்பார். யாருடைய மனைவிக்கு எந்த மாதம் பிரசவம், யாருக்கு நில வழக்கு, யார் கடனில் இருக்கிறான், எல்லாம் பென்சிலில் இருக்கும். அகாடமியிலிருந்து புதிதாக வந்த லெப்டினன்ட் ஒருவர், இருபத்து மூன்று வயதிருக்கும், ஒரு ஜவானின் விடுப்பை மறுத்துவிட்டார். மாலை ரோல்கால் முடிந்ததும் சாகிப் அவர் கூடாரத்துக்குப் போய், சல்யூட் அடித்து, நோட்டைத் திறந்து நெடுநேரம் பேசினார். லெப்டினன்ட் மனம் மாறவில்லை. சாவடிக்கு ஆள் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே, அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வெளியே வந்த சாகிப் அந்த ஜவானைக் கூப்பிட்டு, "நான்தான் வேண்டாமென்று சொன்னேன், அடுத்த மாதம் போ" என்றார். அவன் பல வாரம் சாகிப்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தான். வாசலில் காவல் நின்ற எனக்கு மட்டும் உள்ளே நடந்தது தெரியும்.

அந்த லெப்டினன்டின் இடத்தில் உங்களை வைத்துப் பார்க்க முடிகிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்வதைக் கேட்டபின், சமயத்தில் அதற்கு மாறாகவும், நீங்களே முடிவெடுத்து, விளைவையும் நீங்களே ஏற்க வேண்டிய வேலை அது. இதைக் கேட்கக் காரணம் நீங்கள் எழுதிய வயர்லெஸ் வகுப்பு. அதிகாரியாகிப் பத்தாண்டு போனால் ஸ்க்ரூடிரைவரைத் தொடும் வாய்ப்பு அநேகமாக இராது. சிக்னல்ஸில் இருந்தாலும் கோப்பும் ஆள்களும் திட்டமும்தான். கருவியோடு காலமெல்லாம் இருக்க ஆசையென்றால் விமானப்படையின் தொழில்நுட்பப் பிரிவில் இருப்பவர்கள்தான் கொடுத்துவைத்தவர்கள். விமானம் பறக்கத் தகுதியானது என்று பராமரிப்பு ஏட்டில் அவர்கள் கையெழுத்திட்ட பிறகுதான் விமானி ஏறுவார். ஆனால் அங்கேயும் இன்று நுழைவு அக்னிவீர் வாயுதான், அதே நான்காண்டுதான்.

என் கருத்து இது. வயது அனுமதிக்கும்வரை அதிகாரி நுழைவுக்கு முயலுங்கள். சிறப்பு நுழைவோடு நிறுத்திக்கொள்ளாமல், படை அதிகாரிகளுக்காக யுபிஎஸ்சி நடத்தும் சிடிஎஸ் தேர்வையும் எழுதுங்கள். அதில் டேராடூன் அகாடமிக்குத் தேர்வானால் முதலிலேயே நிரந்தரக் கமிஷன், பதினான்காம் ஆண்டுக் கவலையே இராது. இரண்டு மூன்று முறை எஸ்எஸ்பியில் திரும்பி வந்தால் எம்எஸ்சி எலெக்ட்ரானிக்ஸ் படிக்கப் போங்கள். கருவிமேல் உள்ள ஆசைக்கு ராணுவத்துக்கு வெளியேயும் இடம் இருக்கிறது.

இறுதியாண்டு மாணவர்களும் சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம், முதல் இரண்டு ஆண்டுகளில் ஐம்பது சதவீதம் இருந்தால் போதும். உங்கள் மதிப்பெண்ணை எழுதவில்லையே? அரியர் ஏதாவது இருந்தால் முதலில் அதை முடியுங்கள். தாத்தா இருக்கிறாரா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அவருடைய கம்பெனிக்கு வந்த லெப்டினன்டுகளைப் பற்றி ஒருநாள் மாலை உட்கார்ந்து கேளுங்கள்.