பயத்திலிருந்து வந்த ஆஸம்

கேள்வி: வியப்பைச் சொல்ல ஆங்கிலத்தில் ஏ, டபிள்யூ, ஈ என்று மூன்றெழுத்தில் ஒரு சொல் இருக்கிறதே, அது நம் 'ஆ'விலிருந்து போனதுதான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு வந்தது. அந்த 'ஆ' கொஞ்சம் இருந்தால் ஆஸம், முழுக்க இருந்தால் ஆஃபுல் என்றும் விளக்கியிருந்தார்கள். சரிதானா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: இரண்டுமே தப்பு. ஓசை ஒத்துப்போனால் உறவு என்று முடிவு கட்டுகிற பழக்கத்தை முதலில் விட வேண்டும். இன்றைக்கு அந்தச் சொல் 'ஆ' மாதிரி ஒலிக்கிறது, சரி. ஆனால் பார்க்க வேண்டியது இன்றைய ஒலியை அல்ல, பழைய வடிவத்தை. அது 'அகி'. 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைகிங்குகள் என்னும் ஸ்காண்டிநேவியக் கடலோடிகள் பேசிய பழைய நோர்ஸ் மொழிச் சொல். வானத்துக்கு ஸ்கை, முட்டைக்கு எக், ஜன்னலுக்கு விண்டோ, இவையும் அந்த மொழி கொடுத்தவைதான். 'அகி'யின் நடுவே இருந்த ககரம் வாயில் தேய்ந்து தேய்ந்து கடைசியில் ஓர் உயிரொலி மட்டும் மிஞ்சியது. நம்முடைய 'ஆ'வில் தேய்வதற்கு ககரமே கிடையாது.

அப்புறம், அகி என்றால் வியப்பே இல்லை. பயம். 1611இல் வந்த ஆங்கில பைபிளின் 4ஆம் சங்கீதம் இந்தச் சொல்லைப் போட்டுத்தான் 'அஞ்சி நில்லுங்கள், பாவம் செய்யாதீர்கள்' என்கிறது. கடவுளுக்கு முன்னால் நிற்கிறவனின் அச்சம் அது. இப்படிக் கடவுளோடு சேர்ந்து சேர்ந்தே பயத்துக்குள் மரியாதை புகுந்தது, பிறகு மலை, கடல், இடி என்று மனிதனைச் சிறியவனாக உணரவைக்கிற எதற்கும் இந்தச் சொல் பொருந்தியது. பிரமாண்டத்தைப் பார்த்து நாம் சிலிர்ப்பதற்கு அடியில் இருப்பதே அச்சம்தான் என்று 1757இல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் ஒரு நூலே எழுதினார். எனக்கு இந்தச் சொல்லில் பிடித்ததும் இதுதான்: வியப்பில் கொஞ்சம் உதறலும் உண்டு என்பதை அது இன்னும் மறக்கவில்லை.

அடுத்தது அந்தக் 'கொஞ்சம், முழுசு' கணக்கு. ஆஸமின் வாலில் இருப்பது 'கொஞ்சம்' என்கிற சம் அல்லவே அல்ல. ஒரு தன்மை உடையது என்று காட்டும் விகுதி அது, ஜெர்மனில் 'ஸாம்' என்று வருகிறது. ஹேண்ட்சமிலும் ட்ரபிள்சமிலும் இருப்பது அதேதான். ட்ரபிள்சம் ஆள் என்றால் கொஞ்சமாகத் தொல்லை தருகிறவர் என்றா அர்த்தம்?

இரண்டில் மூத்தது ஆஃபுல். 1300 வாக்கிலேயே இருக்கிறது, அஞ்சத்தக்கது, மரியாதைக்குரியது என்ற பொருளில். ஆஸம் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் வருகிறது, அதுவும் பயபக்தியைச் சொல்லத்தான். 19ஆம் நூற்றாண்டில் ஆஃபுல் பேச்சில் புழங்கிப் புழங்கிப் 'படுமோசம்' ஆனது, ஆஃபுலி என்பது வெறும் 'ரொம்ப' ஆனது. நாமும் 'பயங்கர டேஸ்ட்' என்கிறோமே, அதில் பயம் எங்கே இருக்கிறது? ஆஸமுக்கு வேறு வழி வாய்த்தது: 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க இளைஞர்கள் வாயில் விழுந்து 'சூப்பர்' ஆகிவிட்டது.

எழுத்தில் மட்டும் பழைய பொருள் அவ்வளவு சீக்கிரம் சாகவில்லை. 1897இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவை ஒட்டிக் கிப்ளிங் எழுதிய கவிதையில் கடவுளின் கையை ஆஃபுல் என்கிறார். பேரரசையே தன் கீழ் வைத்திருக்கிற, அஞ்சி வணங்க வேண்டிய கை. அதை இன்றைய பொருளில் 'படுமோசமான கை' என்று படித்தால் கவிதையே தலைகீழாகிவிடும்.