நாதஸ்வர வாயோட சக்ஸபோன் ஊதலாமோ?

இணுவில் பக்கத்துத் தம்பி ஒராள் கேட்டிருக்கிறார்: எட்டு வருசமா நாதஸ்வரம் வாசிக்கிறாராம், இப்ப கலியாண வீட்டுக்காரர் சக்ஸபோனும் கேக்கினமாம், கனடா மாமா ஒரு அல்ட்டோ சக்ஸபோன் அனுப்பிவிட்டாராம், ஆனா ஊதினா கீச்செண்டு கத்துது, சுருதிப்பெட்டியோட வைச்சா எப்பவும் மேலதான் நிக்குது, வாத்தியத்தில பிழையோ தன்னில பிழையோ எண்டு.

வாத்தியத்தில பெரும்பாலும் பிழை இராது தம்பி. உங்கட வாய் இன்னும் சீவாளியிலதான், அதாவது நாதஸ்வரத்தின்ர ரெட்டை நாக்கிலதான் நிக்குது. சீவாளியை ரெண்டு சொண்டாலயும் அமத்திப் பிடிச்சு, கொஞ்சக் காத்தை நல்ல அழுத்தத்தோட தள்ளிப் பழகின ஆள் நீங்கள். சக்ஸபோனில ஒற்றை ரீட் (நாக்கு), மேல்பல்லு மவுத்பீஸில (ஊதிற முனையில) சும்மா இருக்கோணும், கீழ்ச்சொண்டு கீழ்ப்பல்லுக்கு மேல மெத்தை மாதிரி, அழுத்தம் குறைய, காத்து கூட. நீங்கள் பழக்கத்தில கடிக்கிறியள், ரீட் நெருங்குது, சுருதி ஏறுது, கீச்சும் அதாலதான்.

மவுத்பீஸை மட்டும் கழட்டி, போனில டியூனர் ஆப் போட்டுக்கொண்டு ஊதிப் பாருங்கோ. அல்ட்டோவுக்கு 880 ஹேர்ட்ஸ் கிட்ட, அதாவது எங்கட சுருதிக் கணக்கில 6 கட்டை (1 கட்டை எண்டா சி) வரோணும். நீங்கள் அதுக்கு மேல போய் நிப்பியள். தாடையைத் தளர்த்தி இறக்கி, அந்த இடத்தில அசையாமல் நிக்கப் பழகுங்கோ, ரெண்டு கிழமைக்கு இதுதான் வேலை. ரீட் 2 இல்லாட்டி 2½ காணும், கடினமானது வேண்டினா திரும்பவும் கடிப்பியள்.

அடுத்தது சுருதி. அல்ட்டோவில சி நோட் பிடிச்சா கேக்கிறது ஈ ஃப்ளாட், எங்கட கணக்கில 2½ கட்டை. உங்கட நாதஸ்வரமும் அதே கட்டை எண்டா சந்தோசமா அங்கயே ஸட்ஜத்தை வைப்பியள், வில்லங்கமும் அங்கதான் கிடக்கு, ஏனெண்டா நடு சி-க்கு ஒரு விரல், அடுத்த டி-க்கு ஆறு விரலும் ஆக்டேவ் கீயும் (ஒரு ஸ்தாயி மேல ஏத்திற விசை), ஸ-ரி அசைவு குடுக்கேக்க தடக்குப் படும். சி-யைப் பிடிச்சபடி இடது உள்ளங்கைப் பக்கத்து டி கீயைத் தட்டினா ரிஷபம் வரும், ஆக்டேவ் கீ வேண்டாம். வேகமான அசைவுக்கு அது காணும், நிண்டு வாசிக்கிற ரிஷபத்துக்கு ஒழுங்கான விரலையே போடுங்கோ, தொனி வித்தியாசம் காதில குத்தும். ஸட்ஜத்தை டி-யில வைச்சா, காந்தாரத்துக்கு மட்டும் எஃப் ஷார்ப் விரலைப் போட்டு, மிச்சத்துக்கு விரலை ஒண்டொண்டா எடுக்கச் சங்கராபரணம் வரும்தான், ஆனா அது 4 கட்டை, உங்கட நாதஸ்வரத்தோட சேராது.

துளையை அரைவாசி மூடிக் கமகம் இழுக்கிற வேலை இங்க சரிவராது, தாடையாலயும் தொண்டையாலயும்தான் செய்யோணும். கீழ இறக்கிறது லேசு, மேல ஏத்திறது கஷ்டம், அதால மேல்ஸ்வரத்தைப் பிடிச்சு இறக்கி வாங்கப் பாருங்கோ. 2019 இல காலமான கத்ரி கோபால்நாத்தும் நாதஸ்வர வித்துவானின்ர மகன்தான், மைசூர் அரண்மனை பேண்டில சக்ஸபோனைக் கேட்டுப்போட்டு இந்தப் பக்கம் வந்தவர்.

நாதஸ்வரத்தை விடாதேங்கோ. காலமை சக்ஸபோன், பின்னேரம் நாதஸ்வரம், ஒரே மூச்சில ரெண்டையும் மாத்தி மாத்தி எடுக்கிறதை இப்போதைக்கு விடுங்கோ. வெளிவீதி வெயிலில சுருதி ஏறினா மவுத்பீஸைக் கொஞ்சம் வெளிய இழுங்கோ. முடிய ஈரத்தைத் துடையுங்கோ, ஜி ஷார்ப் துளையின்ர மூடி ஒட்டிக்கொள்ளுற சாமான், சி-யில ஸட்ஜம் வைச்சா சின்னத் தைவதம் அந்த ஜி ஷார்ப்தான். எனக்கு ஒருக்கா மாயாமாளவகௌளை எடுத்த நேரம் தைவதமே வரேல்லை, தவில்காரர் திரும்பித் திரும்பிப் பாக்கிறார். அதுக்குப் பிறகு மேடையில ஏற முதல் அந்த மூடியை விரலால ஒருக்காத் தூக்கிப் பாக்காமல் நான் ஊதிறேல்லை.